சக்கரத்தோடு நின்றுவிடும் கேமரா: திரையில் மண்பாண்டத் தொழில்

  

நம்ம கம்பம் பள்ளத்தாக்குக்கு சினிமா புதுசு இல்லை. பாரதிராஜா பிறந்தது அல்லிநகரம். இளையராஜா பிறந்தது பண்ணைப்புரம். வயல், தோப்பு, மலை, அருவி என்று நம்ம மாவட்டத்தில் எத்தனையோ படம் எடுத்திருக்காங்க. கிராமத்துப் படம் என்றால் அடுப்படியில், திண்ணையில், சந்தையில் எங்கே பார்த்தாலும் மண்பானை இருக்கும். சண்டைக் காட்சி வந்தால் அடுக்கி வைத்த பானை மேலேதான் வில்லன் ஆள் போய் விழுவான். "குயவனுக்குப் பல நாள் வேலை, தடிக்காரனுக்கு ஒரு நாழிகை வேலை" என்று பெரியவங்க சொல்வது அப்போது ஞாபகம் வரும்.

பானை இத்தனை படத்தில் வருதே, பானை செய்தவர் எத்தனை படத்தில் வருகிறார்? வந்தால் என்ன வேலை செய்வதாகக் காட்டுகிறார்கள்? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

1. பக்திப் படங்களில் குயவர்

தமிழ் சினிமா பேச ஆரம்பித்தது 1931-ல். எட்டே வருஷத்தில் ஒரு குயவர் கதாநாயகனாக வந்துவிட்டார். 1939-ல் வெளிவந்த 'திருநீலகண்டர்' படம்தான் அது. எம்.கே.தியாகராஜ பாகவதர் நடிக்க, ராஜா சாண்டோ இயக்கினார். என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் அதில் உண்டு.

திருநீலகண்டர் 63 நாயன்மாரில் ஒருவர். தில்லையில், அதாவது சிதம்பரத்தில், வாழ்ந்த குயவர். சிவனடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுப்பது அவர் தொண்டு. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் கதை இப்படிப் போகுது: ஒரு சிவயோகி வந்து ஓர் ஓட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுக்கிறார். பிறகு அவரே அதை மறையச் செய்துவிட்டு, திரும்பி வந்து கேட்கிறார். குயவர் தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. வேறு புது ஓடு தருகிறேன் என்கிறார். யோகி ஒத்துக்கொள்ளவில்லை, கொடுத்த அதே ஓடுதான் வேணும் என்கிறார். வந்தவர் சிவபெருமான் என்பது கடைசியில்தான் தெரியும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்க. எத்தனை ஓடு வேணுமானாலும் செய்யத் தெரிந்தவர் அந்தக் குயவர். ஆனால் தொலைந்த அந்த ஒரு ஓட்டை அவராலேயே திரும்பச் செய்ய முடியாது. கையால் செய்த பொருள் ஒன்று போல இன்னொன்று இருக்காது இல்லையா?

அடுத்து, 1948-ல் ஜெமினி நிறுவனத்தின் 'சக்ரதாரி'. பண்டரிபுரத்து விட்டலனின் பக்தரான கோரா கும்பர் என்ற மராட்டியக் குயவரின் கதை. சித்தூர் வி.நாகையா நடித்தார். இதே கதை 1974-ல் கன்னடத்தில் ராஜ்குமார் நடிக்க 'பக்த கும்பார' என்று வந்தது. இந்தக் கதையின் முக்கியமான கட்டம் மண் மிதிக்கும் இடம். கோரா பாடிக்கொண்டே தன்னை மறந்து களிமண்ணை மிதிக்கிறார். அவர் குழந்தை மண்ணுக்குள் வந்து சிக்கிக்கொள்வது அவருக்குத் தெரியவில்லை. கேட்கவே மனசு பதறும் கதை. ஆனால் ஒரு விஷயம் கவனியுங்க: பானைக்கு முதலில் மண்ணை மிதிக்கணும் என்பது இந்தக் கதையைப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

2. முடியாத பானைகள்

இப்போது மேல்நாட்டுக்குப் போவோம். 1950-களில் இங்கிலாந்தின் பிபிசி தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்த நிகழ்ச்சிக்கும் நடுவில் இடைவெளி விழும். அதை நிரப்பச் சின்னச் சின்னப் படங்கள் போடுவார்கள். அதில் ரொம்பப் பேர் வாங்கியது 1953-ல் வந்த 'குயவர் சக்கரம்' என்ற படம். சக்கரம் சுற்றும், இரண்டு கைகள் மண்ணை உயர்த்தும், தாழ்த்தும், வடிவம் மாறிக்கொண்டே இருக்கும். கடைசி வரை பானை மட்டும் முடியாது!

1990-ல் வந்த 'கோஸ்ட்' என்ற ஹாலிவுட் படத்திலும் ஒரு சக்கரக் காட்சி உண்டு. டெமி மூர், பேட்ரிக் ஸ்வேஸி நடித்தது. உலகம் முழுக்கப் பலர் அதைப் போலவே எடுத்துப் பார்த்தார்கள், கேலியும் செய்தார்கள். அதிலும் பானை முடியவில்லை, சக்கரத்திலேயே சரிந்துவிடுகிறது.

ஏன் கேமராவுக்குச் சக்கரம் என்றால் இவ்வளவு ஆசை? காரணம் எளிது. சுற்றுகிற பொருளைப் பார்த்தால் கண் அங்கேயே நிற்கும். உருண்டை மண் ஒரு நிமிஷத்தில் பாத்திரமாக மாறுவது மாயாஜாலம் மாதிரி தெரியும். மண் ஊறுவதையும் பானை காய்வதையும் காட்டினால் தியேட்டரில் தூங்கிவிடுவோம். அதனால்தான் கேமரா சக்கரத்தோடு நின்றுவிடுகிறது. பார்க்கிற நமக்கும் "அட, இவ்வளவுதானா வேலை?" என்று தோன்றிவிடுகிறது.

3. சக்கரத்துக்கு முன்னும் பின்னும்

இனி பாடத்துக்கு வருவோம். நம்ம பக்கத்துச் சமையல் பானை எப்படி உருவாகுது?

(அ) மண்: கண்மாய், குளத்தில் இருந்து களிமண் எடுக்கணும். காயவைத்து, உடைத்து, கல்லும் வேரும் பொறுக்கி, தண்ணீரில் ஊறவைக்கணும். அளவாக மணல் சேர்க்கணும். வெறும் களிமண் என்றால் காயும்போது சுருங்கி வெடிக்கும்.

(ஆ) மிதித்தல், பிசைதல்: உள்ளே காற்றுக் குமிழியோ சின்னக் கல்லோ இருக்கக் கூடாது. காலுக்கும் கைக்கும் இதுதான் பெரிய வேலை.

(இ) சக்கரம்: சினிமாவில் வருகிற பகுதி. சில நிமிஷம்தான்.

(ஈ) தட்டுதல்: இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். உருண்டை அடி உள்ள நம்ம பானை சக்கரத்திலிருந்து இறங்கும்போது முழுப் பானை கிடையாது. வாயும் கழுத்தும்தான் சரியாக இருக்கும். சுவர் தடிப்பாக, அடிப்பக்கம் திறந்து கிடக்கும். கொஞ்சம் காய்ந்ததும் உள்ளே ஒரு உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி, சுவரை மெலிதாக்கி அடியை மூடுவார்கள். அதாவது பானைக்கு அடி வருவது சக்கரத்தில் இல்லை, தட்டுகிற கையில்! இந்த வேலையைப் பல வீடுகளில் பெண்களும் செய்கிறார்கள். சினிமாவில் அவர்களைப் பார்த்திருக்கிறீர்களா?

(உ) காய்தல்: முதலில் நிழலில், பிறகு வெயிலில். அவசரப்பட்டால் விரிசல்.

(ஊ) சூளை: விறகு, வைக்கோல், தேங்காய் மட்டை வைத்து அடுக்கி, மேலே மண் பூசித் தீ வைப்பார்கள். இங்கே நம்ம வேதியியல் பாடம் வருது. களிமண்ணுக்குள் வேதிப் பிணைப்பில் இருக்கும் நீர் சுமார் 500, 600 டிகிரி செல்சியஸில் வெளியேறும். அதற்குப் பிறகு அந்தப் பானையைத் தண்ணீரில் போட்டாலும் திரும்பக் களிமண் ஆகாது. ஆக்சிஜன் நன்றாகக் கிடைத்தால் மண்ணில் உள்ள இரும்பு சிவப்பு நிறம் தரும். ஆக்சிஜன் குறைந்து புகை அடைத்தால் கறுப்பு. கீழடியில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளின் ரகசியமும் இந்தத் தீயில்தான் இருக்கு. பானையில் ஈரம் மிச்சமிருந்தால் அது நீராவியாகி பானையையே உடைத்துவிடும். பல நாள் உழைப்பு ஒரு ராத்திரியில் ஓடாகிப் போகும்.

4. சூளையைக் காட்டியவர்கள்

எல்லாப் படமும் சக்கரத்தோடு நிற்கவில்லை. 1953-ல் ஜப்பானிய இயக்குநர் கென்ஜி மிசோகுச்சி எடுத்த 'உகெட்சு' படத்தின் நாயகன் கெஞ்சுரோ ஒரு குயவர். ஊருக்குள் போர்ப்படை புகுந்துவிடுகிறது. உயிருக்குப் பயந்து எல்லோரும் ஓடுகிறார்கள். கெஞ்சுரோவுக்கோ சூளையில் தீ அணைந்துவிடுமோ என்ற கவலை! அதைப் பார்க்கத் திரும்பி வருகிறார். இந்தத் தொழில் செய்கிறவர் மனசு எங்கே இருக்கும் என்பதைச் சரியாகக் காட்டிய காட்சி இது. படம் வெனிஸ் விழாவில் வெள்ளிச் சிங்கம் விருது வாங்கியது.

தொலைக்காட்சியில், 2015-ல் பிபிசியில் ஆரம்பித்துப் பிறகு சேனல் 4-க்குப் போன ஒரு மண்பாண்டப் போட்டி நிகழ்ச்சி இருக்கிறது. பாட்டுப் போட்டி மாதிரி பானைப் போட்டி. சூளையைத் திறக்கும்போது யாருடையது வெடித்தது, யாருடையது தப்பியது என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துப் பார்ப்பார்கள். நடுவர் கீத் பிரைமர் ஜோன்ஸ் நல்ல வேலையைப் பார்த்தால் அழுதே விடுவார்.

நம்ம பக்கம் பார்த்தால், 2022 பிப்ரவரியில் வெளிவந்த 'கடைசி விவசாயி'. எம்.மணிகண்டன் இயக்கியது. கதை நடப்பது ஆண்டிபட்டி கணவாய் தாண்டினால் வருகிற உசிலம்பட்டி வட்டாரம். குலசாமிக்குத் திருவிழா எடுக்கணும் என்று ஊர் கூடுகிறது. நெல்லுக்கு விவசாயியைத் தேடுகிறார்கள், மண்குதிரைக்குக் குயவரைத் தேடுகிறார்கள். ரெண்டு தொழிலும் ஒரே மண்ணை நம்பி இருப்பதை அந்தப் படம் சொல்லாமல் சொல்கிறது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

5. நம்ம ஊர் நிலைமை

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்குப் போகாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. எத்தனை ஆயிரம் பேர் தீச்சட்டி எடுக்கிறார்கள்! அத்தனை சட்டியும் வேளார் கையால் வந்தது. கார்த்திகைக்கு அகல்விளக்கு, தைக்குப் பொங்கல் பானை, ஐயனார் கோயிலுக்குக் குதிரை எல்லாம் அவர்கள் வேலை.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. கார்த்திகைக்கும் பொங்கலுக்கும் வேண்டிய சாமானை வடகிழக்குப் பருவமழை நேரத்தில்தான் செய்யணும். வெயில் இல்லை, சட்டி காயாது, விறகு நனைந்து கிடக்கும். அதனால்தான் அரசு இவர்களுக்கு மழைக்கால நிவாரணம் கொடுக்கிறது. இன்னொரு சிக்கல் மண். கண்மாயில் மண் எடுக்க அனுமதி வேணும், அதற்காக அலுவலகம் அலுவலகமாக நடக்கணும் என்ற குறை ரொம்ப நாளாக இருந்தது. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கி இலவசமாக மண் எடுக்கலாம் என்ற ஏற்பாட்டை 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்தது. மின்சாரச் சக்கரமும் வந்திருக்கு. அது கையால் சுற்றுகிற வேலையைக் குறைக்கும். மிதிப்பதும் தட்டுவதும் சுடுவதும் அப்படியேதான் இருக்கு.

மூன்றாவது சிக்கல் நம்மிடம் இருக்கு. சந்தையில் பானை வாங்கும்போது "மண்ணுதானே, இதுக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசுகிறோம். சக்கரக் காட்சியை மட்டும் பார்த்த கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். வேளார் வீட்டுப் பிள்ளைகள் நம்ம பள்ளியிலும் படிக்கிறார்கள். படிவத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதுகிற நண்பர்களை எனக்குத் தெரியும். மண்ணின் தன்மை, காற்று, தீ, நேரம் எல்லாம் கணக்குத் தெரிந்த தொழில் அது. 'மண்பாண்டக் கலைஞர்' என்று தாராளமாக எழுதலாம் நண்பர்களே!

6. நாம் செய்ய வேண்டியது

வீட்டில் செல்போன் இருப்பவர்கள், ஆசிரியரிடமும் வேளார் வீட்டுப் பெரியவர்களிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு ஒரு சின்னப் படம் எடுங்க. பத்து நிமிஷம் போதும். சக்கரத்துக்கு ஒரு நிமிஷம் கொடுங்க. மீதி ஒன்பது நிமிஷத்தை மண் எடுப்பது, மிதிப்பது, தட்டுவது, காய்வது, சூளை ஆகியவற்றுக்குக் கொடுங்க. பானைக்கு அடி வைக்கும் அந்தக் கையை மறக்காமல் எடுங்க. அறிவியல் கண்காட்சியில் போட்டுக் காட்டலாம்.

சிந்திக்க:
1. சக்கரத்திலிருந்து இறக்கும்போது நம்ம சமையல் பானையில் இல்லாத பகுதி எது?
2. ஈரப் பானையைச் சூளையில் வைத்தால் ஏன் உடைகிறது?
3. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது? (குறிப்பு: நுண்துளை, ஆவியாதல்)
4. நீங்கள் பார்த்த எந்தப் படத்திலாவது சூளை வந்திருக்கிறதா?

விடைகளை எழுதி சுவரிதழ்ப் பெட்டியில் போடுங்கள்.

 

பத்தாம் வகுப்பு மாணவன், 'ஆ' பிரிவு