பெரு போகிறீர்களா? முதலில் உயரத்தைப் பாருங்கள்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருக்கிறாள். வரும் மே மாதம் நானும் என் கணவரும் அவளிடம் போகிறோம். அங்கிருந்து எங்களைப் பெரு நாட்டுக்கு அழைத்துப்போக வேண்டும் என்பது அவள் ஆசை. ஆறு நாள் திட்டமும் போட்டு அனுப்பிவிட்டாள்: முதல் நாள் லிமா, மறுநாள் குஸ்கோ, மூன்றாம் நாள் வானவில் மலை, பிறகு மாச்சு பிச்சு, கடைசியில் டிட்டிகாகா ஏரி. எனக்கு 58 வயது, அவருக்கு 64. அவருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. இருவரும் சுத்த சைவம். விசா, உடம்பு, சாப்பாடு எல்லாவற்றிலும் எனக்குத் தயக்கம். போகலாமா?
— திருச்சி வாசகி

பதில்: அவருடைய மருத்துவர் சரி என்றால் தாராளமாகப் போய்வாருங்கள். ஆனால் இந்தத் திட்டத்தோடு போக வேண்டாம். உங்கள் மகள் ஊர்களுக்கு இடையிலான தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். பெருவின் மலைப்பகுதிக்குப் போகிறவர்கள் உயரத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

லிமா கடலோர நகரம். அங்கே விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் குஸ்கோவில் இறங்கிவிடலாம். குஸ்கோ இருப்பது ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில். ஊட்டிக்குப் போனவர்கள் ஏறிப் பார்க்கும் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். குஸ்கோவில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும், மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். வானவில் மலை 5,000 மீட்டரைத் தாண்டுகிறது. அங்கே அது பாதியை நெருங்கிவிடும். கடற்கரையிலிருந்து கிளம்பிய மறுநாளே அந்த உயரத்துக்குப் போவது இருபத்தைந்து வயது இளைஞருக்கே நல்லதல்ல. உங்கள் கணவருக்கு அதை நான் எந்த நாளிலும் பரிந்துரைக்க மாட்டேன். வானவில் மலையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். டிட்டிகாகா ஏரியும் 3,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது, ஆறு நாளில் அதற்கும் இடமில்லை.

இனி, வியப்பான ஒரு செய்தி. நீங்கள் பார்க்க ஏங்கும் மாச்சு பிச்சு 2,430 மீட்டர்தான், அதாவது தொட்டபெட்டாவைவிடத் தாழ்வு. அதனால் வரிசையை மாற்றினாலே பாதிச் சிரமம் தீர்ந்துவிடும். குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் ஊருக்குள் தங்காமல், வாடகை வண்டியில் நேரே உருபாம்பா ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். ஒன்றரை மணி நேரப் பயணம். உருபாம்பா, ஒயான்டாய்தாம்போ ஆகிய ஊர்கள் 2,800 மீட்டரை ஒட்டி இருக்கின்றன, குஸ்கோவைவிட அறுநூறு மீட்டர்போல் தாழ்வு. முதல் நாள் எதையும் பார்க்கக் கிளம்பாதீர்கள். வெந்நீர் குடித்து, கொஞ்சமாகச் சாப்பிட்டு, படுத்து எழுந்தால் போதும். மறுநாள் மொராயில் வட்ட வட்டமாக இறங்கும் இன்கா காலத்துப் படிக்கட்டு வயல்களையும், மாராஸில் மலைச்சரிவில் வெள்ளை வெள்ளையாகப் பாத்தி கட்டியிருக்கும் உப்பளங்களையும் பாருங்கள். மூன்றாம் நாள் ஒயான்டாய்தாம்போவிலிருந்து ரயில். மாச்சு பிச்சுவின் அடிவார ஊரான ஆகுவாஸ் காலியெந்தெஸுக்கு வெளியூரிலிருந்து சாலை கிடையாது, ரயில்தான். அன்றிரவு அங்கே தங்கி, மறுநாள் காலை மேலே போய்வாருங்கள். குஸ்கோவில் தங்குவதைக் கடைசியில் வைத்துக்கொண்டால், அதற்குள் உடம்பு பழகியிருக்கும். லிமாவையும் சேர்த்து ஒன்பது நாளாவது வேண்டும். மகளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை என்றால் இடங்களைக் குறையுங்கள், ஓய்வு நாளில் கை வைக்காதீர்கள்.

உயரத்துக்குப் போனதும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வருவது சகஜம். உள்ளூரில் இதைச் ‘சொரோச்சே’ என்பார்கள். ஓரிரு நாளில் தணிந்துவிடும். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்கக் கூடாது. உடனே தாழ்வான இடத்துக்கு இறங்கி மருத்துவமனைக்குப் போக வேண்டும். அசெட்டசோலமைடு என்ற மாத்திரையை முன்கூட்டியே சிலருக்கு மருத்துவர்கள் தருவார்கள். உங்கள் கணவர் ஏற்கெனவே மாத்திரைகள் சாப்பிடுவதால், மருந்துச் சீட்டோடு போய் அவருடைய மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதையும் சொல்ல வேண்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் மறைக்காமல் எழுதுங்கள்.

விடுதிகளில் கோகா இலைத் தேநீர் கொடுப்பார்கள். அங்கே அது அன்றாட வழக்கம், சட்டப்படி சரியானது. ஆனால் ஒரு இலையைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு ஹூஸ்டனுக்கோ சென்னைக்கோ வராதீர்கள். இரண்டு நாட்டிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். தேநீர்ப் பைகளுக்கும் இதேதான்.

விசா உங்களுக்குச் சுலபம். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஒன்றின் விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ வைத்திருக்கும் இந்தியர்களுக்குச் சுற்றுலாவுக்காகப் பெரு தனி விசா கேட்பதில்லை. 2017-இல் வந்த சலுகை இது. அந்த விசா குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பது நிபந்தனை. திரும்பவும் அமெரிக்காவுக்குள் நுழையப் போகிறீர்கள் என்பதால், உங்கள் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதுதானா என்று பாருங்கள். விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் போடுமுன் பெரு தூதரகத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாச்சு பிச்சு நுழைவுச் சீட்டை அரசின் அதிகாரபூர்வ தளத்திலேயே வாங்கச் சொல்லுங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை கூட்டம் அதிகம், சில மாதங்கள் முன்பே வாங்குவது நல்லது. சீட்டில் நாளும் நேரமும் நடக்கும் பாதையும் குறித்திருக்கும். மூன்று பாதைகளில் இரண்டாவதுதான் எல்லோரும் விரும்புவது. மேலேயிருந்து முழு ஊரையும் பார்த்துவிட்டு உள்ளே இறங்கி நடக்கலாம், ஆனால் படிகள் உண்டு. முழங்கால் வலி இருந்தால் மூன்றாவது பாதையின் கீழ்ச்சுற்று போதும். ஒருவழிப் பாதைதான், வந்த வழியே திரும்ப முடியாது. உள்ளே கழிப்பறை இல்லை, வாசலிலேயே போய்விட்டு நுழையுங்கள். ஊன்றுகோலுக்கு அடியில் ரப்பர் மூடி இருக்க வேண்டும். சீட்டிலும் ரயில் டிக்கெட்டிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. இனிஷியலை ஒரு இடத்தில் விரித்தும் இன்னொரு இடத்தில் சுருக்கியும் எழுதினால் வாசலில் நின்று விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள். உருளைக்கிழங்கு பிறந்த மண் அது. வேகவைத்த கிழங்கின்மேல் மஞ்சள் மிளகாயும் பாலாடைக்கட்டியும் சேர்த்து அரைத்த குழம்பை ஊற்றித் தரும் ‘பாப்பா அ லா உவாங்காய்னா’ உங்கள் நாக்குக்குப் பிடிக்கும். அதன்மேல் முட்டை வைப்பது வழக்கம், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெரிய மணிகளோடு வேகவைத்த சோளமும் பாலாடைக்கட்டியும் தெருவோரத்திலேயே கிடைக்கும். எச்சரிக்கையாக இருக்க வேண்டியது சூப்பில்தான். கினோவா சூப் என்பார்கள், ஆனால் இறைச்சி வேகவைத்த நீரில் செய்திருப்பார்கள். ‘கார்னே’ (இறைச்சி) வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வரலாம். மாமிசம், கோழி, மீன், முட்டை என்று ஒவ்வொன்றையும் ஸ்பானிஷில் எழுதி மகளிடம் வாங்கி வைத்துக்கொண்டு, அந்தச் சீட்டைக் காட்டுங்கள். சீன உணவகங்களைச் ‘சிஃபா’ என்பார்கள். பல ஊர்களில் இவை உண்டு. அங்கே காய்கறிச் சோறு கேட்டு வாங்கலாம்.

ரைஸ் குக்கர் எடுத்துப்போகும் எண்ணமிருந்தால் விட்டுவிடுங்கள். ஹூஸ்டன் வீட்டுக் குக்கர் 120 வோல்ட், பெருவில் மின்சாரம் 220 வோல்ட். அமெரிக்கத் தட்டை முள் பிளக் அங்கே பல இடங்களில் அப்படியே பொருந்திவிடும் என்பதுதான் ஆபத்து, செருகியதும் கருகிவிடும். தவிர, குஸ்கோ உயரத்தில் தண்ணீர் 90 டிகிரிக்கும் கீழேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகாது. குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், பல் துலக்கவும் பாட்டில் தண்ணீர் நல்லது.

கேள்வி: கோவையிலிருந்து தனியாகக் கிளம்புகிறேன். லிமா, குஸ்கோ பார்த்துவிட்டு இகிட்டோஸ் போய் அமேசான் காட்டில் நான்கு நாள் தங்கத் திட்டம். வேறு எந்த நாட்டு விசாவும் என்னிடம் இல்லை. எதையெல்லாம் முன்கூட்டிச் செய்ய வேண்டும்?
— கோவை வாசகர்

பதில்: புதுடெல்லியில் உள்ள பெரு தூதரகத்தில் விசாவுக்கு விண்ணப்பியுங்கள். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே அந்த நாட்டு விசா வேண்டும். மலிவாக இருக்கிறதே என்று அந்த டிக்கெட்டை வாங்கிவிடாதீர்கள். ஐரோப்பா வழி என்றால், மாறும் நாட்டில் டிரான்சிட் விசா தேவையா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பலர் கோட்டைவிடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில். பெருவுக்குள் நுழைய அவர்கள் கேட்பதில்லையே என்று நினைத்துப் போய்விடுகிறார்கள். கேட்பது இந்தியா. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் பெரு இருப்பதால், அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்குகிறவர் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும். இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைக்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. சென்னை கிண்டியில் உள்ள கிங் ஆய்வு நிலையத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லும் என்பதால் கடைசி வாரம்வரை தள்ளிப்போடாதீர்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். நீங்கள் அமேசானுக்கே போவதால், சான்று இருக்கட்டும், உங்கள் உயிருக்கே இது காப்பு. மலேரியா மாத்திரை பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

(திருச்சி வாசகிக்கு: அறுபது தாண்டியவர்களுக்கு முதல்முறையாக இந்த ஊசி போடுவதில் பக்கவிளைவு அபாயம் சற்று அதிகம். லிமா, குஸ்கோ, மாச்சு பிச்சு மட்டும் பார்ப்பவர்களுக்கு நோய்த் தடுப்புக்காக இது அவசியப்படுவதில்லை. நீங்கள் பெருவிலிருந்து ஹூஸ்டன் திரும்பி ஒரு வாரத்துக்கு மேல் தங்கிவிட்டு இந்தியா வந்தால், இங்கேயும் சான்று தேவைப்படாது.)

இகிட்டோஸுக்குச் சாலை இல்லை. லிமாவிலிருந்து விமானத்தில் போங்கள். பணத்துக்கு டாலர் நோட்டு கொஞ்சம், ஏ.டி.எம். அட்டை இரண்டு. ஓரம் கிழிந்த, கறை படிந்த டாலர் நோட்டை அங்கே வாங்க மாட்டார்கள். நாணயம் சோல். கள்ள நோட்டு புழங்குவதால் தெருவில் மாற்றாதீர்கள். விடுதியில் பாஸ்போர்ட்டையும் நாட்டுக்குள் நுழைந்த பதிவையும் காட்டினால், வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிக்கு அறை வாடகையில் 18 சதவீத வரி விலக்கு உண்டு. அவர்களாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

கேள்வி: கனடாக் குடியுரிமை உள்ள நாங்கள் பெப்ரவரியில் குடும்பத்தோடு பெரு போக எண்ணியுள்ளோம். இன்கா பாதையில் நடக்க ஆசை. சரியான மாதமா?
— ஸ்கார்பரோ வாசகர்

பதில்: இல்லை. மலையில் அது கனமழைக் காலம். மாச்சு பிச்சுவுக்கு நடந்துபோகும் இன்கா பாதையை ஆண்டுதோறும் பெப்ரவரி முழுவதும் பராமரிப்புக்காக மூடிவிடுவார்கள். மாச்சு பிச்சு திறந்திருக்கும், ஆனால் மண்சரிவால் ரயில் நிற்கலாம். 2010 ஜனவரியில் வெள்ளத்தில் ரயில் பாதை அடித்துப்போய், பயணிகளை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியிருந்தது. நடைப் பயணம்தான் முக்கியம் என்றால் மே, ஜூனுக்கு மாற்றுங்கள். நாளொன்றுக்கு வழிகாட்டிகள், சுமைதூக்குவோர் உட்பட 500 பேருக்குத்தான் அனுமதி, அதுவும் பதிவுபெற்ற நிறுவனம் வழியாகத்தான்.

பெப்ரவரியைத் தவிர வேறு விடுமுறை இல்லையென்றால், மலையை விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போங்கள் என்பேன். அங்கே அப்போது கோடை, லிமாவே வெயிலோடு இருக்கும். லிமாவுக்கு வடக்கே பாலைவனத்தில் இருக்கும் ‘காரால்’ என்ற தொல்நகரம் ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுப் பழமையானது. இன்னும் வடக்கே துருஹியோ அருகில், முழுக்க மண்ணால் கட்டிய சான் சான் நகரம் இருக்கிறது. லம்பாயேக்கேயில் ஒரு அருங்காட்சியகம், 1987-இல் சிபானில் தோண்டி எடுத்த மோச்சே அரசனின் தங்க அணிகளை வைத்திருக்கிறது. மாச்சு பிச்சுவைவிட நூற்றாண்டுகள் மூத்த இந்த இடங்களில் கூட்டமும் குறைவு, மூச்சும் வாங்காது. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதை மனதாரச் சொல்கிறேன். எல் நீனோ ஆண்டாக இருந்தால் மட்டும் வடகரையில் பெருமழை பெய்யும், கிளம்புமுன் வானிலை பாருங்கள்.

கேள்வி: பெருவில் அடிக்கடி போராட்டம், மறியல் என்று செய்தி வருகிறதே, பயந்து ரத்து செய்ய வேண்டுமா?
— சேலம் வாசகர்

பதில்: ரத்து வேண்டாம், இடைவெளி வையுங்கள். 2023 ஜனவரியில் அரசியல் போராட்டத்தால் மாச்சு பிச்சுவையே மூடினார்கள், பெப்ரவரி நடுவில்தான் திறந்தார்கள். அங்கே மறியல் என்றால் சாலையிலும் தண்டவாளத்திலும் கல்லை உருட்டிவிடுவார்கள், போக்குவரத்து சில மணி நேரமோ சில நாளோ நிற்கும். ஆகவே மாச்சு பிச்சுவைப் பயணத்தின் நடுவில் வையுங்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரண்டு நாளாவது லிமாவில் இருங்கள். மறியலைக் கடந்து நடந்துவிடலாம் என்று முயலாதீர்கள். லிமாவில் தெருவில் போகும் டாக்சியைக் கை காட்டி நிறுத்தாமல் செயலி வழியாகவோ விடுதி மூலமாகவோ கூப்பிடுங்கள். அதன் ஜன்னலோரம் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள், சிக்னலில் பறித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. பாஸ்போர்ட்டின் நகலைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். மாச்சு பிச்சுவுக்கும் ரயிலுக்கும் அசல் வேண்டும்.