வானில் உறையாத எண்ணெய்

மாணவர்களே! மார்கழி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள், எண்ணெய் வராது. வெப்பநிலை ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அது உறைந்துவிடுகிறது. விமானங்கள் பறக்கும் 10 கிலோமீட்டர் உயரத்திலோ வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரி! அந்தக் குளிரில் தாவர எண்ணெய் விமானத்துக்கு உதவுமா? உதவும், ஆனால் அதன் மூலக்கூறையே மாற்றி அமைக்க வேண்டும்.

எதற்காக இந்தப் பாடு? மின்கலத்தால் விமானத்தை ஓட்டினால் என்ன? எடைதான் தடை. ஒரு கிலோகிராம் விமான எரிபொருளில் சுமார் 43 மெகாஜூல் ஆற்றல் உண்டு. அதே எடையுள்ள லித்தியம் மின்கலத்தில் சுமார் 1 மெகாஜூல்தான். எனவே நெடுந்தூர விமானங்களுக்குத் திரவ எரிபொருளே ஏற்றது. பெட்ரோலியத்தை எரித்தால், பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த கார்பன் கரியமில வாயுவாகக் காற்றில் சேர்கிறது. தாவர எண்ணெயில் உள்ள கார்பனோ, செடி அண்மையில் காற்றிலிருந்தே எடுத்துக்கொண்டது.

அப்படியானால் சமையலுக்கு எண்ணெய்? கவலை வேண்டாம். எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பிரியும் கொழுப்பு அமிலங்கள், பைன் மரத்திலிருந்து காகிதக் கூழ் செய்யும்போது கிடைக்கும் டால் எண்ணெய், பலகாரம் பொரித்து மிஞ்சிய எண்ணெய் ஆகியவை இதற்குப் போதும் தரமுடையவை.

இவற்றில் இரண்டு குறைகள் உண்டு. முதல் குறை, ஆக்சிஜன். எடையில் சுமார் 11 சதவீதம் அதுவே. ஏற்கெனவே கார்பனோடு சேர்ந்துவிட்ட ஆக்சிஜன் எரிந்து ஆற்றல் தராது, வீண் சுமை. இதை நீக்க, நிக்கலும் மாலிப்டினமும் கலந்த வினையூக்கியின் மீது எண்ணெயையும் ஹைட்ரஜனையும் உயர்ந்த அழுத்தத்தில், 300 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் செலுத்துகிறார்கள். ஆக்சிஜன் நீராகவும் கார்பன் ஆக்சைடுகளாகவும் வெளியேறுகிறது. எஞ்சுவது 15 முதல் 18 வரை கார்பன் அணுக்கள் கொண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலிகள்.

வேலை முடிந்ததா? இல்லை. நிக்கல் வினையூக்கியைக் கொண்டு எண்ணெயில் ஹைட்ரஜனைச் சேர்த்தால் கெட்டியான வனஸ்பதி கிடைப்பதைப் படித்திருப்பீர்கள். இங்கும் அதே தொல்லை! ஹைட்ரஜன் சேர்ந்ததும் சங்கிலியில் இருந்த இரட்டைப் பிணைப்பின் வளைவு மறைந்து சங்கிலி நேராகிவிடுகிறது. 18 கார்பன் கொண்ட நேர்ச்சங்கிலி 28 டிகிரியிலேயே உறைந்துவிடும். விமான எரிபொருளான ஜெட் ஏ-1 பூஜ்யத்துக்குக் கீழே 47 டிகிரி வரை உறையக்கூடாது என்பது விதி. இதுவே இரண்டாவது குறை.

ஈர்க்குச்சிகளைக் கட்டினால் நெருக்கமாக அடுங்கும். கிளைவிட்ட சுள்ளிகளைக் கட்டினால் இடையே சந்து விழும். மூலக்கூறுகளும் அவ்வாறே. நெருங்கி அடுங்க முடியாதவை எளிதில் உறைவதில்லை. ஆகவே பிளாட்டினம் ஏற்றிய சியோலைட் போன்ற இரண்டாவது வினையூக்கியின் மீது இச்சங்கிலிகளை அனுப்புகிறார்கள். சியோலைட்டின் துளைகள் மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கினும் சிறியவை. அங்கே நீண்ட சங்கிலிகள் சில துண்டாகின்றன, மற்றவை கிளைவிடுகின்றன. உறைநிலை இறங்குகிறது. வினையூக்கியோ வினையை விரைவாக்குகிறதே தவிரத் தான் செலவாவதில்லை.

இம்முறையில் செய்த எரிபொருளைப் பெட்ரோலிய எரிபொருளுடன் 50 சதவீதம் வரை கலக்க 2011-ல் அனுமதி கிடைத்தது. நம் நாட்டில், டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து எரிபொருள் தயாரித்தது. அதை 25 சதவீதம் கலந்து 2018 ஆகஸ்டு 27-ல் ஒரு பயணி விமானம் டேராடூனிலிருந்து டில்லிக்குப் பறந்தது.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. உலகின் விமானங்கள் அனைத்துக்கும் கழிவெண்ணெய் போதாது. அதற்காகக் காட்டை அழித்துப் பயிரிட்டால் நோக்கமே கெடும். வினைக்கு வேண்டிய ஹைட்ரஜனும் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தே வருகிறது. அப்போதும் கரியமில வாயு வெளியாகிறது. இவற்றுக்கு விடை காண்பது உங்கள் தலைமுறையின் பணி.

இப்போது ஒரு சோதனை. இரு சிறு புட்டிகளில் தேங்காய் எண்ணெயையும் நல்லெண்ணெயையும் தனித்தனியே ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். எது உறைகிறது? எதன் சங்கிலிகள் வளைந்தவை? விடையை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.