உடற்பயிற்சிக்கு உள்ளத் துணிவே முதற்படி

விடியுமுன் எழுந்து, உலை வைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டுப் பிரட்டுக் களத்திற்கு விரைகிறாள் தோட்டத்துப் பெண். மரம் சீவி, பால் எடுத்து, வாளியைச் சுமந்து வந்து நிறுத்துக் கொடுக்க நண்பகலாகிவிடுகிறது. அத்தகைய மாதரிடம், "நாள்தோறும் உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று கூறினால், "எங்களுக்குமா?" என்று சிரிப்பார்கள். அச்சிரிப்பின் பின்னே மூன்று மனத்தடைகள் மறைந்திருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

வேலையே பயிற்சி அன்றோ?

உழைப்பு உடலுக்கு நன்மை தருவதே. ஆயினும், மரம் சீவும்போது மீண்டும் மீண்டும் ஒரே விதமாகக் குனிய நேர்கிறது. பாரம் சுமப்பதால் தோளும் இடுப்பும் நோகின்றன. மரத்திற்கு மரம் நின்று செல்வதால், மூச்சும் நாடித் துடிப்பும் தொடர்ந்து விரைவு பெறுவதில்லை. கைகளை வீசி நடக்கும் நடையோ உடல் முழுவதையும் இயக்குகிறது.

மேலும், தோட்ட வேலை என்றென்றும் நீடிப்பதன்று. ஓய்வு பெற்ற பின்னரும், உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாறிய பின்னரும் உழைப்புக் குறைகிறது, உணவு குறைவதில்லை. 2019ஆம் ஆண்டு மலேசியாவில் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இனிப்பு நீர் நோய் இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே அது மற்ற இனத்தவரைவிட மிகுதியாகக் காணப்பட்டது. தசைகள் இயங்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்துகின்றன. நாள்தோறும் நடப்பது அந்நோயைத் தடுக்கத் துணைபுரிவது இதனாலேயாகும்.

நேரம் எங்கே?

வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலியக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. நாளொன்றுக்கு 30 நிமிடங்களாக ஐந்து நாட்கள் நடந்தால் போதும். காலையில் பத்து, மாலையில் இருபது எனப் பிரித்துக்கொண்டாலும் பயன் உண்டு.

உண்மையில் தடையாக நிற்பது நேரம் மட்டுமன்று. "குடும்பத்திற்குரிய நேரத்தை எனக்காகச் செலவிடுவது தவறு" என்ற எண்ணமே பெருந்தடை. எல்லாரும் உண்டபின் உண்டு, எல்லாரும் உறங்கியபின் உறங்கும் தாய், தன் உடலையும் கடைசியிலேயே நினைக்கிறாள். அவள் நோயில் விழுந்தால் துன்புறுவது யார்? அதே குடும்பந்தான். ஆகவே, அந்த அரைமணி நேரம் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வது கணவரின் கடமையாகும்.

நாலு பேர் சிரித்தால்?

தனியாக நடக்கக் கூச்சம் வருவது இயல்பே. லயத்துப் பெண்கள் மூவரோ நால்வரோ சேர்ந்து புறப்பட்டால் கூச்சம் அகலும், துணையும் கிடைக்கும். முதல் வாரம் வேடிக்கை பார்ப்பவர்களுக்குச் சில வாரங்களில் அது பழகிய காட்சியாகிவிடும். இதற்கெனத் தனி உடை தேவையில்லை. தளர்ந்த ஆடையும் வழுக்காத காலணியும் போதும்.

தொடங்கும் முறை

முதல் வாரம் தோட்டச் சாலையிலோ பள்ளித் திடலிலோ பத்து நிமிடங்கள் நடக்கவும். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டவும். நடக்கையில் பேச இயலவேண்டும். ஆனால், பாட இயலக்கூடாது. அதுவே சரியான வேகம். வாரத்தில் இரண்டு நாட்கள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்து முறை செய்தால் கால்கள் வலுப்பெறும்.

இரத்த அழுத்தம், இருதய நோய், இனிப்பு நீர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் மருத்துவரைக் கலந்து கொள்ளவேண்டும். நெஞ்சுவலியோ மயக்கமோ ஏற்பட்டால் உடனே நிறுத்திச் சிகிச்சை பெறவேண்டும்.

மழையாலோ விருந்தினர் வருகையாலோ ஒருநாள் தவறினால், "எல்லாம் வீணாயிற்று" என்று சோர்ந்துவிடாதீர்கள். மறுநாள் மீண்டும் தொடங்குங்கள். தவறாதவர் எவருமிலர், மீண்டும் தொடங்குபவரே பயன் பெறுவர்.

தாய்மார்களே! இன்று மாலையே பக்கத்து வீட்டு அக்காளை அழைத்துக்கொண்டு பத்து நிமிடங்கள் நடந்து பாருங்கள். தடை பாதையில் இல்லை. மனத்திலேதான் இருந்தது என்பதை நீங்களே உணர்வீர்கள்.