ஆசானின் அதட்டல்

மாலை வேளையில் கல்லூரி மைதானங்களைக் கடந்து செல்பவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். உள்ளே மாணவர்கள் கால்பந்து ஆடுகிறார்கள். எல்லைக்கோட்டுக்கு வெளியே பயிற்சியாளர் நிலைகொள்ளாமல் நடக்கிறார். பந்து ஒரு முழம் விலகினாலும் அவரது குரல் உயர்கிறது. கோல் விழுந்த பிறகும் அவர் முகத்தில் நிறைவு இல்லை. அந்தக் கோலுக்கு முன்பு நேர்ந்த பிழையையே சொல்லிக் கொண்டிருக்கிறார். வேடிக்கை பார்ப்பவருக்கு இது வெறும் முன்கோபம். சாதகனுக்கோ இதில் ஒரு கேள்வி எழுகிறது. குறையற்ற செயலைக் கோருவது அன்பினாலா, அகங்காரத்தினாலா? கோபம் நரகத்தின் வாயில்களுள் ஒன்று என்று கீதை பதினாறாம் அத்தியாயத்தில் எச்சரிக்கும்போது, ஆசானின் கோபத்தை எந்த வரிசையில் வைப்பது?

சுவாமி விவேகானந்தர் 1897-இல் சென்னையில் ஆற்றிய உரையில் இளைஞர்களைக் கால்பந்தாடச் சொன்னதை அன்பர்கள் அறிவர். உடலில் வலிமை ஏறினால்தான் கீதையும் விளங்கும் என்பது அதன் உட்பொருள். மைதானத்துக் கேள்வியை யோக சாலைக்கு எடுத்துச் செல்வது ஆகவே பொருத்தமற்றதாகாது. எழுபத்தேழு ஆண்டுகள் புனே நகரைத் தம் வாழ்விடமாகக் கொண்டிருந்த பி.கே.எஸ். ஐயங்காரின் வாழ்க்கை இக்கேள்வியின் இரு பக்கங்களையும் காட்டுகிறது.

ஐயங்கார் 1918 டிசம்பர் 14 அன்று கர்நாடகத்தின் பெல்லூர் என்னும் சிற்றூரில், விஷக்காய்ச்சல் பரவியிருந்த காலத்தில் பிறந்தார். மலேரியா, டைபாய்டு, காசநோய் ஆகியவை அடுத்தடுத்து அவரை வாட்டின. ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். 1934-இல் தமக்கையின் கணவரான திருமலை கிருஷ்ணமாச்சாரியார் அவரை மைசூருக்கு வரவழைத்தார். அரண்மனையின் ஆதரவில் அங்கே யோக சாலை நடத்திவந்த கிருஷ்ணமாச்சாரியார் பெரும் பண்டிதர், சினத்திலும் பெரியவர்.

ஒருமுறை பலர் முன்னிலையில் ஹனுமானாசனம் செய்துகாட்டும்படி அவர் சிறுவனுக்கு ஆணையிட்டார். இரு கால்களையும் முன்னும் பின்னுமாக நீட்டித் தரையில் படியவைக்கும் கடினமான ஆசனம் அது. அதைக் கற்றிராத சிறுவன், உள்ளாடை இறுக்கமாக இருப்பதாகச் சொல்லித் தப்பப் பார்த்தான். ஆசான் கத்தரிக்கோல் கொண்டுவரச் செய்து ஆடையின் ஓரத்தை வெட்டச் சொன்னார். சிறுவன் ஆசனத்தைச் செய்துவிட்டான். தொடையின் பின்தசை கிழிந்தது. நெடுங்காலம் அந்த வலி அவரை விடவில்லை. இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் ஐயங்காரே சொல்லியிருக்கிறார். அவர் குருவை நிந்தித்ததில்லை. ஆயினும் கிழிந்த தசை கிழிந்ததுதான். குருபக்தியின் பெயரால் இதைப் பூசி மெழுக வேண்டியதில்லை.

1937-இல் புனேயின் டெக்கான் ஜிம்கானா என்ற விளையாட்டு மன்றத்துக்கு யோகாசிரியர் ஒருவர் தேவைப்பட்டார். ஓரளவு ஆங்கிலம் தெரியும் என்பதனால் பதினெட்டு வயது ஐயங்கார் அனுப்பப்பட்டார். ஆறு மாதத்திற்கென்று வந்த வேலை மூன்று ஆண்டுகள் நீடித்தது. மராத்தி தெரியாது, பள்ளியிறுதித் தேர்விலும் தேறியிருக்கவில்லை. கற்க வந்த கல்லூரி மாணவர்களோ கல்வியிலும் உடல்வலிமையிலும் அவரைவிட மேம்பட்டவர்கள். அவர்கள் முன் நிற்க அவருக்கு ஒரே வழிதான் இருந்தது. நாள்தோறும் பல மணி நேரம் தனியே பயின்றார். எந்த ஆசனத்தில் எந்தத் தசை இழுபடுகிறது, எந்த மூட்டு சுமை தாங்குகிறது என்பதைத் தம் உடலிலேயே சோதித்துக் கண்டார். பணி முடிந்தபின் வறுமை சூழ்ந்தது. நீரைப் பருகிப் பசியாறிய நாட்களும் உண்டு. அந்நாட்களிலும் பயிற்சி நிற்கவில்லை.

அவருடைய கண்டிப்பு உருவான உலை இதுவே. திரிகோணாசனத்தில் நிற்பவர் கையைத் தரையில் ஊன்றிவிட்டால் பார்ப்பவர்களுக்கு ஆசனம் முடிந்துவிட்டது. ஐயங்காருக்கு அப்போதுதான் தொடங்குகிறது. பின்காலின் வெளிப்புறக் குதிகால் தரையை அழுத்துகிறதா, முழங்கால் சில்லு மேலெழுந்துள்ளதா, மார்பு விரிந்துள்ளதா என்று அவர் கண் ஓடும். ஏதோ ஓர் இடம் உறங்கினால் அதட்டல் விழும். சில வேளை கையும் விழும். அவருடைய பெயரின் மூன்று ஆங்கில எழுத்துகளுக்கு 'அடி, உதை, அறை' என்று மேலைநாட்டு மாணவர்கள் வேடிக்கையாகப் பொருள் சொன்னதுண்டு. உறங்கும் உறுப்பில் அறிவை எழுப்பவே அப்படிச் செய்ததாக அவர் விளக்கம் கூறினார். எல்லோரும் அதை ஏற்கவில்லை. ஏற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. செங்கோலைக் கடுமையாக ஓங்கினாலும் மெல்லவே இறக்கவேண்டும் என்று வள்ளுவர் அரசனுக்கு வகுத்த எல்லை ஆசானுக்கும் உரியது.

ஆனால் அவரது வாழ்வின் மறுபக்கத்தை மறந்து அதட்டலை மட்டும் பார்ப்பவர் பாதியையே பார்க்கிறார். கால் நீட்ட முடியாதவருக்கு வார்ப்பட்டை, கை எட்டாதவருக்கு மரக்கட்டை, நிற்க இயலாதவருக்குச் சுவரில் கட்டிய கயிறு, முதுகு வளையாதவருக்கு நாற்காலி என்று துணைக்கருவிகளை ஒவ்வொன்றாகக் கண்டமைத்தவர் அவர். குறையற்ற நிலையைக் கோரியவரே, குறையுள்ள உடல் அந்நிலையை வலியின்றி எட்டுவதற்கான வழியையும் தேடினார். தொடை கிழிந்த அந்தச் சிறுவன் இங்கே நினைவுக்கு வருகிறான். 1952-இல் பம்பாயில் அவரைச் சந்தித்த வயலின் மேதை யெஹுதி மெனுஹின் முதலில் ஐந்தே நிமிடங்கள் ஒதுக்கினார். அந்தச் சந்திப்பு ஒரு மணி நேரத்தையும் தாண்டியது. பின்னர் அவர் அளித்த கைக்கடிகாரத்தில், தம்முடைய மிகச் சிறந்த வயலின் ஆசிரியர் ஐயங்கார் என்று பொறிக்கச் செய்திருந்தார். தசையை அறிந்தவரின் கண்டிப்பு வில்லைப் பிடிக்கும் கையையும் திருத்தியது.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் சாத்விகக் கர்த்தாவின் இலக்கணத்தைக் கூறுகிறது. உறுதியும் உற்சாகமும் அவனிடம் உண்டு. 'நான்' என்ற செருக்கு இல்லை. வெற்றி தோல்விகளில் மாறுதல் இல்லை. உற்சாகத்தைக் கீதை விலக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. எல்லைக்கோட்டில் நின்று அதட்டுபவர் தம்மைச் சோதிக்க இங்கே அளவுகோல் கிடைக்கிறது. மாணவன் தோற்ற அன்று குரல் உயர்ந்து, வென்ற அன்று அதே பிழை கண்ணில் படாமல் போனால், அக்கோபம் தம் பெயரைக் காக்கப் பிறந்தது. இன்னொன்றும் அதே அத்தியாயத்தில் வருகிறது: நெருப்பைப் புகை சூழ்ந்திருப்பது போல எல்லாச் செயல்களையும் குறை சூழ்ந்திருக்கிறது, அதனால் தன் கடமையைக் கைவிடலாகாது. பதஞ்சலியும் ஆசனத்தை உறுதியும் சுகமும் சேர்ந்தது என்று கூறி, அடுத்த சூத்திரத்திலேயே முயற்சியின் இறுக்கம் தளர்வதைப் பேசுகிறார். இறுக்கிப் பிடிக்க மட்டுமே அறிந்த ஆசான் முதல் சூத்திரத்தோடு நின்றுவிடுகிறார்.

பெரியவர்களின் கோபத்தைப் பின்பற்றுவது எளிது. அவர்களின் உழைப்பைப் பின்பற்றத்தான் ஆள் அகப்படுவதில்லை. 1966-இல் வெளிவந்த தமது நூலுக்காக ஐயங்கார் ஏறத்தாழ 600 படங்களுக்கு நின்றார். பிறரிடம் கோரியதைத் தம்மிடம் முதலில் கோரினார்.

மனைவி ரமாமணி 1973-இல் காலமான பின், அவர் பெயரில் எழுப்பிய யோக நிலையம் 1975 ஜனவரியில் புனேயில் திறக்கப்பட்டது. 1984-இல் வகுப்புகளைப் பிள்ளைகள் கீதாவிடமும் பிரசாந்திடமும் ஒப்படைத்தார். 2014 ஆகஸ்ட் 20 அன்று 95-ஆம் வயதில் மறைந்தார். முதுமையிலும் தனி அறை தேடாமல், மாணவர்கள் பயிலும் அதே கூடத்தில் தாமும் பயின்றார். பின்னோக்கி வளைந்து, கருவியின்மேல் தலைகீழாகச் சாய்ந்து நெடுநேரம் கிடப்பார். அந்த நிலையிலிருந்தே கூடத்தின் மறுகோடியில் யாரோ ஒருவரின் தோள் சரிந்திருப்பதைக் கண்டு குரல் கொடுப்பார்.