விழுந்தவன் திரும்பிவர ஒரு வாசல்

(வேதபாடம். வாசிக்க வேண்டிய பகுதிகள்: மத்தேயு 26:69-75, 27:3-5, லூக்கா 22:31-34, யோவான் 21:1-19)





சேலம், நாமக்கல் பகுதியில் நடைபெறும் மருத்துவ ஊழியத்தைத் தாங்கிவருகிற அன்பர்கள் சிலர் மனம்விட்டுக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "குடியை விடவேண்டும் என்று வந்தவனைச் சேர்த்து வைத்தியம் பார்த்தீர்கள். ஜெபித்து வீட்டுக்கு அனுப்பினீர்கள். மூன்று மாதம் கழித்து அவன் மறுபடியும் குடித்துவிட்டு வந்து நிற்கிறான். அவனுக்கு இரண்டாந்தரமும் எங்கள் காணிக்கையைச் செலவிடத்தான் வேண்டுமா?"

இது நியாயமான கேள்வி. தறியிலும் கோழிப்பண்ணையிலும் சேகோ ஆலையிலும் உழைத்து, வீட்டுச் செலவைக் குறைத்து எடுத்துவைத்த பணம் அது. ஆகையால் இதற்கு நம்முடைய அபிப்பிராயத்தைப் பதிலாகச் சொல்லாமல், வேதத்தைத் திறந்து பார்ப்போம்.

1. ஒரே இரவில் விழுந்த இருவர்

ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இரவில் அவருடைய சீஷர்களில் இரண்டு பேர் வெளிப்படையாக விழுந்தார்கள். யூதாஸ் 30 வெள்ளிக்காசுக்கு அவரைக் காட்டிக்கொடுத்தான். பேதுருவோ, அவரை அறியேன் என்று மூன்று தரம் மறுதலித்தான். அதுவும் சபிக்கவும் சத்தியம்பண்ணவும் தொடங்கினான்.

இருவருமே பிற்பாடு மனம் வருந்தினார்கள் என்பதை நாம் கவனிக்கவேண்டும். பேதுரு வெளியே போய் மனங்கசந்து அழுதான். யூதாஸும் வருத்தப்பட்டான், தான் செய்தது பாவம் என்று வாயினால் அறிக்கையிட்டான், வாங்கிய காசையும் திருப்பிக் கொடுத்தான். கண்ணீரை மட்டும் அளவாக வைத்தால் இருவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அப்படியானால் முடிவு ஏன் இவ்வளவு வித்தியாசமாயிற்று? அவரவர் தங்கள் துக்கத்தை எங்கே கொண்டுபோனார்கள் என்பதில்தான் பதில் இருக்கிறது.

2. யூதாஸ் தட்டிய வாசல்

யூதாஸ் தன் பாவ அறிக்கையை எடுத்துக்கொண்டு பிரதான ஆசாரியரிடத்துக்குப் போனான். பாவநிவிர்த்திக்கென்றே நியமிக்கப்பட்டவர்கள் அவர்கள். ஆனால் இதில் தங்களுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை, அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று அவனை அனுப்பிவிட்டார்கள். அந்தக் காசைக் காணிக்கைப் பெட்டியில் போடலாமா என்று கூடிப் பேச அவர்களுக்கு நேரம் இருந்தது. எதிரில் நின்ற மனுஷனுக்காக ஒரு நிமிஷமும் இல்லை. அவன் தனியே போனான். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான்.

யூதாஸின் பாவத்துக்கு யூதாஸே கணக்குக் கொடுக்கவேண்டும். அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனாலும் அந்த ஆசாரியர்களின் பதில் நம்மை நடுங்கவைக்க வேண்டும். "இனி எனக்கு வழியில்லை" என்ற எண்ணத்தில் உயிரை விடத் துணிந்தவர்களை மருத்துவமனைகளுக்குத் தூக்கிக்கொண்டு வருவது இந்தச் சமவெளியில் அபூர்வமல்ல. கடன், குடி, வீட்டில் நடந்த ஒரு சண்டை என்று காரணங்கள் பல. அவர்களுக்கு முதலில் தேவைப்படுவது, தட்டினால் திறக்கிற ஒரு வாசல்.

3. பேதுரு விட்டுப் போகாத இடம்

பேதுரு என்ன செய்தான்? அவன் செய்த பெரிய காரியம் ஒன்றுமில்லை. மற்ற சீஷர்களோடு இருந்தான், அவ்வளவுதான். யோவான் 21ஆம் அதிகாரத்தில் திபேரியாக் கடலோரத்தில் ஏழு சீஷர்கள் கூடியிருக்கிறார்கள். பேதுரு மீன்பிடிக்கப் போகிறேன் என்றதும் மற்றவர்களும் அவனோடு கிளம்புகிறார்கள். "நீ மறுதலித்தவன், உன்னோடு நாங்கள் வரமாட்டோம்" என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்களும் அந்த இரவில் ஓடிப்போனவர்கள்தானே!

அது மாத்திரமல்ல. பேதுரு விழுவதற்கு முன்பே ஆண்டவர் அவனுக்காக வேண்டிக்கொண்டிருந்தார் என்று லூக்கா எழுதுகிறார். உயிர்த்தெழுந்த காலையில் கல்லறையில் இருந்த தூதனும் சீஷர்களுக்கு மட்டுமல்ல, பேதுருவுக்கும் சொல்லுங்கள் என்று அவன் பெயரைத் தனியே குறிப்பிட்டான் (மாற்கு 16:7). விழுந்தவனுடைய பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்படவில்லை. இதுவே கிருபை.

4. முதலில் அப்பம், பிறகு கேள்வி

பேதுரு மறுதலித்தது பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில், கரிநெருப்பின் அருகே குளிர்காய்ந்துகொண்டு நின்றபோது. புதிய ஏற்பாட்டில் கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் இன்னும் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. அது திபேரியாக் கடலின் கரை. அங்கே நெருப்பை மூட்டினவர் ஆண்டவர். அதன்மேல் மீன் இருந்தது, அப்பமும் இருந்தது. இரவெல்லாம் வலைவீசிக் களைத்து, நனைந்த வஸ்திரத்தோடு வந்தவர்களை அவர் முதலில் சாப்பிட அழைத்தார். சாப்பிட்டு முடித்த பிறகே பேதுருவிடம் கேள்வி கேட்டார்.

மருத்துவ ஊழியத்துக்கு இந்த வரிசை மிகவும் முக்கியம். பல வருஷம் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த நேரத்தில் அவனுக்குப் பிரசங்கம் செய்வதில் பயனில்லை. நடுக்கத்தை அடக்கும் மருந்தும், தயாமின் என்னும் வைட்டமின் பி1 ஊசியும், இரவில் பக்கத்தில் ஒரு செவிலியரும் வேண்டும். அவன் தெளிந்து, கஞ்சி குடித்து, எழுந்து உட்கார்ந்த பிறகு பேசலாம். உங்கள் காணிக்கை அந்தக் கரிநெருப்பை மூட்டுகிறது.

குடி நோயா, பாவமா என்று கேட்கிறவர்கள் உண்டு. குடிக்கு அடிமையான உடல் நோயுற்ற உடல். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலிலும் அது இருக்கிறது. அதே சமயம் மனைவியை அடித்ததும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் குடித்துத் தீர்த்ததும் பாவம்தான். நோய்க்கு வைத்தியம் வேண்டும். பாவத்துக்கு மனந்திரும்புதல் வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கக்கூடாது.

5. நம்முடைய மண் கற்றுத்தருவது

இந்த ஜில்லாவுக்குக் குடியோடு போராடிய ஒரு வரலாறு உண்டு. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925ல் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். மதுவிலக்கைப் பரப்ப அங்கிருந்து 1929ல் வெளிவந்த பத்திரிகையின் பெயர் 'விமோசனம்'. கல்கி அதில் துணையாக இருந்தார். பிறகு ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானபோது, 1937 அக்டோபர் 1 அன்று முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில்தான். 1997ல் தனி மாவட்டமான நாமக்கல்லும் அன்று இதில் அடங்கியிருந்தது.

பிற்காலத்தில் சட்டம் மாறிற்று. 1971ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1983ல் டாஸ்மாக் நிறுவனம் உருவாயிற்று. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துகிறது. நல்ல சட்டம் கடையை மூடும். அது பெரிய நன்மை. ஆனால் விழுந்தவனைத் தூக்கி நிறுத்திப் பக்கத்தில் உட்கார சட்டத்தால் முடியாது. அந்த விமோசனத்துக்கு மனுஷர் வேண்டும். மனுஷரை அனுப்புகிற தேவன் வேண்டும்.

நாமக்கல் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரிகிற கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவலினும் ஊழியம் செய்தார்கள். ஜெஸ்ஸி 1929ல் காய்ச்சலில் மரித்தார். 1914ல் பிறந்து அந்த மலையில் வளர்ந்த அவர்கள் மகன் பால் பிராண்ட், 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு மருத்துவராக வந்தார். குஷ்டரோகத்தால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். குஷ்டரோகம் பாவத்தின் தண்டனையல்ல. யோவான் 9ஆம் அதிகாரத்தில் பிறவிக்குருடனைக் குறித்து ஆண்டவர் சொன்னதே அதற்கும் போதும். ஆனால் அந்த நோயாளிகளுக்கும் ஊர் தன் வாசலை அடைத்திருந்தது. கை சரியானவர்களுக்குப் போக இடமில்லை, செய்ய வேலையில்லை. சிகிச்சை முடிந்தால் வேலை முடிந்துவிடவில்லை என்று கண்ட பிராண்ட், அவர்கள் தங்கித் தொழில் கற்க வேலூரில் ஒரு நிலையத்தை ஏற்படுத்தினார். நிமிர்ந்த கைக்கு ஒரு வேலையும் வேண்டுமே!

கடற்கரையிலும் அப்படியே நடந்தது. ஆண்டவர் பேதுருவை மன்னித்து வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. தம்முடைய ஆடுகளை அவன் கையில் ஒப்புவித்தார். குடியிலிருந்து மீண்டவன் இன்னொரு குடிகாரனுக்குத் துணைநிற்கும்போது தானும் நிலைநிற்கிறான். 1935ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், குடியால் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்ட இருவர், அவர்களில் ஒருவர் அறுவைச் சிகிச்சை மருத்துவர், ஒருவருக்கொருவர் துணைநின்றதில்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் பிறந்தது.

6. மறுபடியும் விழுந்தால்?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பேதுரு கடற்கரைக்குப் பிறகு விழவே இல்லையா? கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அந்தியோகியாவில் அதே பேதுரு மனுஷருக்குப் பயந்து, புறஜாதி விசுவாசிகளோடு பந்தியிருப்பதை விட்டு விலகினான். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவனை எதிர்த்தார். கண்டித்தார்; ஆனால் சபை பேதுருவைத் தள்ளிவிடவில்லை. எத்தனை தரம் மன்னிக்கவேண்டும் என்று ஆண்டவரிடம் கணக்குக் கேட்டவனும் பேதுருதான் (மத்தேயு 18:21). ஏழு என்ற அவனுடைய கணக்கை ஆண்டவர் எழுபதால் பெருக்கினார். அந்தப் பதில் தனக்கே ஒருநாள் தேவைப்படும் என்று அவன் அப்போது அறிந்திருக்கமாட்டான்.

குடியை நிறுத்தினவர்களில் மிகப் பலர் ஒருமுறையாவது மறுபடி வழுக்குகிறார்கள். ரிக் வண்டியிலும் லாரியிலும் மாதக்கணக்கில் வெளிமாநிலம் சுற்றுகிறவனுக்கு அந்தச் சோதனை இன்னும் அதிகம். இரண்டாந்தரம் வருகிறவன் வெட்கத்தோடுதான் வருகிறான். அந்த வெட்கத்தைத் தாண்டி அவன் வாசல்வரை வந்ததே மனந்திரும்புதலின் முதல் அடி. "போன தடவையே சொன்னோமே" என்று அங்கே திருப்பி அனுப்பினால், நாம் ஆசாரியர்களின் பக்கம் நிற்கிறோம்.

7. இது மலிவான மன்னிப்பல்ல

ஆனாலும் ஒரு எச்சரிப்பு. ஆண்டவர் பேதுருவிடம் மூன்று தரம் கேட்டார். மூன்றாந்தரம் அவன் துக்கப்பட்டான். மன்னிப்பு காயத்தை மூடி மறைக்காது, திறந்து சுத்தம்செய்யும். சகேயு மனந்திரும்பினபோது, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தான். ஆகவே குடித்தவன் வாங்கிய கடனையும் செய்த தீங்கையும் ஒப்புக்கொண்டு, முடிந்தமட்டும் ஈடுசெய்ய வேண்டும். அடிபட்ட மனைவியிடம் "அவர் மாறிவிட்டார், உடனே ஏற்றுக்கொள்" என்று வற்புறுத்த நமக்கு அதிகாரமில்லை. அவளும் பிள்ளைகளும் பாதுகாப்பாக இருப்பது முதல் கடமை. நம்பிக்கை திரும்ப நாள் பிடிக்கும். அவளுடைய கண்ணீரையும் கர்த்தர் காண்கிறார்.

அன்பானவர்களே, இரண்டாந்தரமும் செலவிடவேண்டுமா என்ற கேள்விக்கு வேதம் தருகிற பதில், ஆம் என்பதே. அந்தப் பணத்தால் ஒருவன் நிச்சயமாகக் குடியை விட்டுவிடுவான் என்று நாம் வாக்குக் கொடுக்கமுடியாது. அவன் திரும்பி வரும்போது வாசல் திறந்திருக்கும் என்று வாக்குக் கொடுக்கலாம். உங்கள் சபையும் அப்படிப்பட்ட வாசலாக இருக்கட்டும். சிகிச்சை முடிந்து ஊர் திரும்புகிறவனை ஞாயிறு ஆராதனைக்கு அழைத்துவர ஒருவரும், சாயங்காலம் அவனோடு பேசியிருக்க ஒருவரும் இருந்தால், மருந்து செய்யமுடியாததைக் கர்த்தர் அவர்களைக்கொண்டு செய்வார்.

சிந்தனைக்கு:
• நம் சபையில் விழுந்துபோன ஒருவர் திரும்பி வந்தால், முதலில் அவரிடம் பேசப்போவது யார்? என்ன பேசுவோம்?
• கடற்கரையில் ஆண்டவர் உணவை முன்னும் கேள்வியைப் பின்னும் வைத்ததிலிருந்து நாம் கற்பது என்ன?
• மன்னிக்கப்பட்டவருக்கு நாம் எந்தப் பொறுப்பைத் திரும்பக் கொடுத்திருக்கிறோம்?

ஜெபக்குறிப்பு: குடியிலிருந்து மீண்டுவருகிறவர்களுக்காகவும், மறுபடியும் விழுந்து வெட்கத்தால் வரத் தயங்குகிறவர்களுக்காகவும், அவர்களால் காயப்பட்ட குடும்பங்களுக்காகவும், இரவில் கண்விழித்துக் கவனிக்கிற செவிலியர்களுக்காகவும் ஜெபியுங்கள்.

நொறுங்குண்ட இருதயத்தைப் புறக்கணியாத தேவன் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.