கீழூர்க்காரர் குடிக்கும் தண்ணீர்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் குழாயில் வருவது தாமிரபரணித் தண்ணீர். பாத்திரம் கழுவி, துணி துவைத்து ஊர் வெளியே விடும் தண்ணீரில் ஒரு பங்கு, சாக்கடை, ஓடை, கால்வாய் என்று சுற்றிக்கொண்டு அதே ஆற்றுக்குத்தான் திரும்பிப் போகிறது. நமக்குக் கீழே வல்லநாட்டுப் பக்கம் தூத்துக்குடிக்காரர்களுக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். அதற்கும் கீழே மருதூர் அணைக்கட்டு, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு, ஏரல் வாழைகள், ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்கள், கடைசியில் புன்னைக்காயலில் கடல். பொதிகையில் பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடி முடிகிற ஆறு இது. கெடுத்தால் பழி சொல்ல வேறு மாநிலம் கிடையாது.

நான் அம்பாசமுத்திரத்தில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். விடிந்ததும் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. தனியாக நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டிய எந்த நல்ல பழக்கமும் எங்கள் வீட்டில் ஒரு மாதம் தாண்டாது. ஆகவே ஏற்கெனவே செய்கிற வேலைக்குள் அடங்குவதை மட்டும்தான் எடுத்துக்கொண்டேன். இதைச் செய்தால் கீழே இருக்கிறவர் தண்ணீருக்கு என்ன ஆகும் என்று பார்ப்பேன். அளவுகோல் அவ்வளவுதான்.

சமையலறை எண்ணெயில் தொடங்குகிறேன், ஏனென்றால் இதற்கு ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகச் செலவாகாது. வடை, அப்பளம் பொரித்து மிஞ்சிய எண்ணெயையும், எண்ணெய் பிசுக்கோடு இருக்கும் சட்டியையும் அப்படியே தொட்டிக்குள் காட்டினால் அது குழாயில் படிந்து அடைக்கும். தப்பிப் போவது தண்ணீர்மேல் படலமாகப் படர்ந்து காற்று உள்ளே கலப்பதைத் தடுக்கும். சட்டி சூடு ஆறுவதற்குள் பழைய செய்தித்தாளால் ஒரு துடை. தாளைக் குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு கழுவினால் போதும். சோப்பும் பாதிதான் ஆகிறது. தேய்ப்பதற்கு எங்கள் வீட்டில் தேங்காய் நார்தான். பிளாஸ்டிக் நார் தேயத் தேய, தேய்ந்தது தண்ணீரோடுதான் போகும்.

அடுத்தது சோப்புத்தூள். கருங்கல் மலையிலிருந்து இறங்கி வருகிற ஆற்றுத் தண்ணீர் மென்மையானது, சுண்ணாம்பு உப்பு குறைவு. சென்னையில் உப்புத் தண்ணீர் புழங்கும் என் மைனி ஒருமுறை வந்திருந்தபோது வழக்கமான அளவு தூளைப் போட்டுவிட்டு, "ஏட்டி, என்ன இது, நுரை அடங்கவே மாட்டேங்கு" என்று வாளி வாளியாய் அலசிக்கொண்டிருந்தாள். பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் அளவு எல்லா ஊருக்கும் பொதுவாய்ப் போட்டது. ஆற்றுத் தண்ணீர் வரும் வீட்டில் அதில் பாதி போட்டுப் பாருங்கள். அழுக்கும் போகும், அலசுகிற தண்ணீரும் மிச்சம். போர் தண்ணீர் வீட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

சோப்புத்தூளைக் குறைத்தால் ஆறு தெளிந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆற்றில் அமலைச்செடி மண்டிக் கிடப்பதற்குப் பெரிய காரணம், சுத்திகரிக்காமல் கலக்கும் ஊர்க் கழிவுநீர். அதை நிறுத்த வேண்டியது அரசும் உள்ளாட்சியும். ஆனால் அதிலும் நமக்கு ஒரு வேலை உண்டு. உங்கள் வீட்டுக் கழிவுநீர்க் குழாய் பாதாளச் சாக்கடையில் சேர்கிறதா, தெருவோரக் கால்வாயில் விழுகிறதா என்று ஒரே ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பலருக்குத் தெரியாது. பாளையங்கால்வாயும் நெல்லைக் கால்வாயும் சாக்கடையாகத் தோன்றினாலும் அவை வயலுக்குப் போகிற பாசனக் கால்வாய்கள். பழவூர் அணைக்கட்டிலிருந்து ஒன்று, சுத்தமல்லியிலிருந்து இன்னொன்று. இரண்டும் நம் வீட்டு வாசல் வழியாகத்தான் நெற்பயிருக்குப் போகின்றன. இணைப்பு இல்லையென்றால் வார்டு உறுப்பினரிடம் ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம். பக்கத்து வீடுகளையும் சேர்த்துக்கொண்டு கொடுத்தால் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

ஆற்றோடு நேரடியாகச் சம்பந்தமில்லாத சில பழக்கங்களும் இதே போல அன்றாட வேலைக்குள் அடங்கியவைதான். வேலைக்கு நான் போவது செங்கோட்டை பாசஞ்சரில். நெல்லை சந்திப்பில் ஏறினால் டவுன், பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி தாண்டி அம்பை. பெட்ரோலும் மிச்சம், உட்கார இடம் கிடைத்தால் தூக்கமும் மிச்சம். ரயில் நேரம் எல்லோருக்கும் ஒத்துவராது, அது தெரியும். வாரத்தில் ஒத்துவருகிற நாளில் மட்டும் போனாலும் லாபம்தான். இந்தப் பாதையில் தினமும் போவதால் எனக்குக் கிடைத்தது காருகுறிச்சிப் பானைகள். மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர் அது. பக்கவாட்டில் ஓட்டை போட்ட பானை இரண்டு வாங்கிப் பின்கட்டில் வைத்திருக்கிறேன். காய்கறித் தோல், வாழைத்தோல், டீத்தூள் எல்லாம் ஒன்றில். அது நிரம்பியதும் மூடி வைத்துவிட்டு அடுத்தது. நம் ஊர் வெயிலுக்கு ஒன்றரை, இரண்டு மாதத்தில் மண்ணாகிவிடுகிறது.

நாறும், புழு வைக்கும் என்று பயந்து நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். நாற்றத்துக்குக் காரணம் ஈரம். ஒவ்வொரு முறை போட்டதும் மேலே ஒரு கைப்பிடி காய்ந்த சருகோ தென்னை நார்க்கழிவோ தூவினால் நாறாது. சருகுச் சாக்கு பானைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், தேடிப் போகும்படி வைத்தால் செய்ய மாட்டோம். மீன் முள், எண்ணெய்க் குழம்பு மிச்சம் போடக் கூடாது. எங்கள் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் இந்த ஈரக்குப்பைதான். அது பிளாஸ்டிக்கோடு கலந்து ராமையன்பட்டிக் கிடங்குக்குப் போனால் உள்ளே அழுகி வாயு கட்டும், கோடையில் தீப்பிடிக்கும், புகையைச் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் மூச்சில் வாங்குவார்கள். காய்கறித் தோலைப் பானையில் போட எனக்கு ஆகும் நேரம் குப்பைக் கூடையில் போட ஆகும் அதே நேரம்தான்.

பை விஷயம் சுருக்கமாய்ச் சொல்கிறேன். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. இருந்தும் கையில் பை இல்லாமல் நின்றால் கேரி பேக் வந்துவிடுகிறது. துணிப்பையை வீட்டு ஆணியில் மாட்டாதீர்கள், வண்டி சீட்டுக்கு அடியில் போடுங்கள், கூடவே ஒரு தூக்குச்சட்டியும். மகாராஜநகர் உழவர் சந்தையில் கீரை விற்கிற ஆச்சி இப்போதெல்லாம் என்னைக் கண்டதும் "பை கொண்டாந்திருக்கியளா தாயி" என்று கேட்டுவிட்டுத்தான் கட்டை எடுக்கிறாள்.

மின்சாரத்தில் ஒரே ஒரு மாற்றம் சொல்வதென்றால் மின்விசிறி. பழைய விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், புதிய பிஎல்டிசி விசிறி 30 வாட் சொச்சம். பழையது ரிப்பேராகும்போது மாற்றினால் போதும். சொந்த மாடி இருப்பவர்கள் சோலார் பற்றி விசாரிக்கலாம். 2024இல் வந்த சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. பரிசுப் பொருளிலும் ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு என்ன கொடுப்பது என்று கடைசி நேரத்தில் அலைகிறவர்களுக்கு என் பதில் பத்தமடைப் பாய். மாப்பிள்ளை, பெண் பெயரைச் சேர்த்தே நெய்து தருவார்கள். கோரையில் ஆனது, பல வருடம் உழைக்கும். முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

மறுபடி ஆற்றுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம் தாமிரபரணிக் கரைப் பாபநாசத்தில் விடும் துணி. பரிகாரம் என்றும் ஈமச்சடங்கு முடித்தும் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். தன்னார்வலர்கள் டன் கணக்கில் அள்ளியிருக்கிறார்கள், மறுபடி சேர்கிறது. அந்தக் காலத்துப் பருத்தி மக்கிப்போகும். இப்போது வேட்டி சேலையிலெல்லாம் பாலியஸ்டர். பாறை இடுக்கில் சிக்கி நிற்கும், முங்கிக் குளிப்பவர் காலைச் சுற்றும், பிரிந்த இழைகள் வல்லநாடு வரைக்கும் போகும்.

படித்துறையில் வைத்து யாரையும் தடுக்க முடியாது. துக்கத்தில் நிற்கிறவரிடம் அங்கே பேசுவது தப்பும்கூட. முந்தின நாள் வீட்டில் பேச வேண்டும். எங்கள் சித்தப்பா காரியத்துக்குப் போகும் முன் சித்தியிடம் நான் சட்டம் பேசவில்லை. "சித்தி, முங்கி எழுந்தாலே ஆறு ஏத்துக்கிடும். துணியை அது என்ன செய்யும்?" என்று கேட்டேன். சித்தி யோசித்துவிட்டு, சடங்கு செய்து வைக்கிற ஐயரிடம் கேட்கச் சொன்னாள். ஆற்றில் நனைத்து எடுத்தால் போதும் என்றார் அவர். அதோடு சம்மதம். வேனில் மூடி போட்ட வாளி ஒன்று ஏற்றிக்கொண்டோம். நனைந்த துணி எல்லாம் அதில் திரும்பி வந்தது. இப்போது எங்கள் சொந்தத்தில் யார் பாபநாசத்துக்குக் கிளம்பினாலும் முதலில் கேட்பது அந்த வாளி எங்கே என்றுதான்.