கடலில் குளிப்போரும் சொறிமீனும்

பள்ளிக்கூட விடுமுறை நெருங்கினால் நமது கடைத்தெருவில் வழக்கமான பேச்சு ஒன்று கிளம்பும். "இந்த முறை பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகிறீர்கள்?" என்பதே அது. ஆண்டு முழுவதும் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நமக்குக் கடற்கரையைவிடச் சுலபமான உல்லாசம் வேறில்லை. சுங்கை ரம்பாயிலிருந்து மெர்லிமாவ், உம்பாய் வழியே புறப்பட்டால் கிளேபாங், தஞ்சோங் பீடாரா. இன்னும் சற்றுத் தூரம் போனால் போர்ட்டிக்சன். வசதியுள்ளோர் பங்கோருக்கும் லங்காவிக்கும் போகிறார்கள். சிலர் படகேறிப் புலாவ் பெசாருக்குச் சென்று ஸியாரத்தை முடித்துக்கொண்டு, அங்கேயே பிள்ளைகளைக் கடலில் இறக்கிவிடுகிறார்கள். மாற்றுடை, சாப்பாடு, பாய், தைலம் எல்லாம் வண்டியில் ஏறுகின்றன. ஒரு போத்தல் சூக்கா எடுத்துச் செல்பவரை மட்டும் நாம் கண்டதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்வரை நாமும் எடுத்துச் சென்றதில்லை.

அந்த ஆண்டு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். மலாக்காக் கடற்கரை ஒன்றில் முழங்கால் அளவுத் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்த நமது சகோதரியின் மகன், ஒன்பது வயதுப் பையன், திடீரென்று அலறிக்கொண்டு கரைக்கு ஓடி வந்தான். கெண்டைக்காலில் சாட்டையால் அடித்தாற்போல் சிவந்த கோடுகள். அவற்றின்மேல் கண்ணாடி நூல்போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நாம் என்ன செய்தோம்? ஈர மணலை அள்ளித் தேய்த்தோம். குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவினோம். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "தம்பி, மூத்திரம் விட்டால் உடனே நின்றுவிடும்" என்று யோசனை சொன்னார். பையனோ நாம் தேய்க்கத் தேய்க்க இன்னும் அதிகமாக அலறினான். கிளினிக்கில் இருந்த டிரஸ்ஸர் நாம் செய்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "விஷம் பாதிதான் ஏறியிருக்கும், மீதியை நீங்கள் ஏற்றியிருக்கிறீர்கள்" என்றார். பையன் பிழைத்துக்கொண்டான், தழும்பு மட்டும் பல மாதம் மறையவில்லை. டிரஸ்ஸர் சொன்ன சொல் நமது மனத்தைவிட்டு அகலாததால், மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் தவிர வேறு படிப்பில்லாத நாம் டாக்டர்களைக் கேட்டும், படித்தவர்களைக் கொண்டு வாசித்தறிந்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

தாயகத்துக் கடற்கரை மக்கள் சொறி என்றும் சொறிமீன் என்றும் சொல்வதும், மலாய்க்காரர்கள் ஊபுர்-ஊபுர் என்பதும் ஒன்றே. மீன் என்று பெயரேயொழிய அது மீனன்று. எலும்பில்லை, இரத்தமில்லை, மூளையில்லை. தேகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். குடைபோன்ற உடலிலிருந்து தொங்கும் நூல்களில்தான் விஷம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சிறு பைகள் ஆயிரக்கணக்கில் அந்நூலில் நிறைந்திருக்கின்றன. ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு முள் சுருண்டு கிடக்கிறது. தோல் பட்டதும் அது பாய்ந்து குத்தி விஷத்தைச் செலுத்துகிறது. ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறாகப் பிரித்தால் அதில் ஒரு கூறுக்குள் முடிந்துவிடும் காரியம் இது. சொறிமீன் உயிரோடிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கரையில் ஒதுங்கிச் செத்துக் கிடப்பதும், அறுந்து மிதக்கும் நூலும் கொட்டும். பிள்ளைகள் குச்சியால் புரட்டி விளையாடுவதையும் கையால் எடுப்பதையும் தடுக்க வேண்டும்.

இங்கே முக்கியமான விஷயம் யாதெனில், தோலில் நூல் ஒட்டியிருக்கும்போது எல்லாப் பைகளும் வெடித்துவிடுவதில்லை. வெடிக்காத பைகள் ஏராளமாக மிஞ்சி நிற்கும். மணலால் தேய்த்தால் அவை நசுங்கி வெடிக்கும். நல்ல தண்ணீர் பட்டாலும் வெடிக்கும். கடலின் உப்பில் இருந்து பழகிய பை உப்பில்லாத நீரில் பட்டதும் நிலை குலைந்துவிடுகிறது. மூத்திர வைத்தியத்தில் நன்மை எதுவுமில்லை. சாராய வகையான ஸ்பிரிட்டும் கூடாது. ஆஸ்திரேலியாவில்கூட ஒரு காலத்தில் ஸ்பிரிட்டைத்தான் ஊற்றி வந்தார்கள். குவீன்ஸ்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 1980-ல் சோதித்துப் பார்த்தபோது, ஸ்பிரிட் பைகளை வெடிக்கச் செய்கிறது என்றும், சமையலுக்குப் பயன்படும் சாதாரணச் சூக்காதான் அவற்றைச் செயலற்றுப் போகச் செய்கிறது என்றும் தெரிய வந்தது. நமது கடையில் உப்புக்கும் சோயாவுக்கும் பக்கத்தில் தூசி படிந்து நிற்கும் அதே போத்தல்தான்.

சொறிமீன்களில் பெரும்பாலானவை எரிச்சலும் தடிப்பும் தந்து விட்டுவிடும். சீனர்கள் சில வகைகளை உப்பும் படிகாரமும் போட்டுப் பதப்படுத்தி உண்கிறார்கள். சரவாக்கில் அதைப் பிடித்து விற்பதே ஒரு தொழில். "சாப்பிடுகிற பொருள்தானே, என்ன செய்துவிடும்?" என்று சிலர் அலட்சியமாகப் பேசுவதற்கு இதுவே காரணம் போலும். ஆனால் சதுரச் சொறி என்று ஒன்று இருக்கிறது. அதன் உடல் பெட்டிபோல் நான்கு மூலைகள் கொண்டது. பெரிய வகையில் மூலைக்குப் பதினைந்து வரை நூல்கள், ஒவ்வொன்றும் 3 மீட்டர் வரை நீளும். மற்றவை அலையோடு மிதந்து வருவன. இதுவோ கண்களுடையது, தானே நீந்திச் செல்வது. தண்ணீரில் கண்ணாடிபோல் இருப்பதால் தெளிந்த கடலிலேயே தெரியாது. சேறு கலங்கிய நமது மலாக்காக் கடலில் எப்படித் தெரியும்?

1955 ஜனவரியில் குவீன்ஸ்லாந்தின் கார்ட்வெல் கடற்கரையில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் ஏதோ கொட்டி இறந்தான். டாக்டர் ஹியூகோ பிளெக்கர் என்பவர் சொல்லி, போலீசார் அவ்விடத்தில் வலை விரித்துப் பிடித்த பிராணிகளில் அதுவரை பெயரிடப்படாத இந்தச் சொறியும் இருந்தது. மறு ஆண்டு அதற்கு அந்த டாக்டரின் பெயரையே சேர்த்து வைத்தார்கள். 1883 முதல் அந்நாட்டில் அறுபதுக்கும் மேற்பட்டோர் சதுரச் சொறியால் மாண்டிருக்கிறார்கள். அதன் விஷம் இருதயத்தை நேரே தாக்குகிறது. அதிகமான தோலில் பட்டால் சில நிமிஷங்களிலேயே இருதயம் நின்றுவிடலாம். குழந்தைகளுக்குத் தேகம் சிறியதாகையால் அபாயம் பெரிது.

ஆஸ்திரேலியா நமக்கு வெகு தூரம் என்று நினைத்துவிட வேண்டாம். 2010 பிப்ரவரியில் லங்காவியின் பந்தாய் செனாங்கில் குளித்துக்கொண்டிருந்த சுவீடன் நாட்டு மாது ஒருவர் சொறி கொட்டி இறந்தார். 2014 ஆகஸ்டில் தாய்லாந்தின் கோ பங்கான் தீவில் ஐந்து வயதுப் பிரெஞ்சுச் சிறுவன். 2015 அக்டோபரில் பக்கத்துக் கோ சமுயித் தீவில் இருபது வயது ஜெர்மன் பெண். 2021-ல் சிங்கப்பூரின் செந்தோசாக் கடற்கரையில் சதுரச் சொறி தென்பட்டதால் கடலில் இறங்குவதை நிறுத்தி வைத்தார்கள். மலாக்கா நீரிணையின் வடக்கு வாயில் லங்காவி, தெற்கு வாயில் சிங்கப்பூர். நடுவில் இருக்கும் நாம் மட்டும் எப்படி விலக்காவோம்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குவீன்ஸ்லாந்தில் கட்டைவிரல் நகம் அளவே உள்ள சதுரச் சொறி ஒன்று உண்டு. அது கொட்டும்போது பெரிதாக வலிக்காது. அரை மணி நேரம் கழித்து முதுகு வலி, வாந்தி, வேர்வை, நெஞ்சுப் படபடப்பு எல்லாம் வரும். டாக்டர் ஜாக் பார்ன்ஸ் என்பவர் 1960களின் தொடக்கத்தில் இதை நிரூபிப்பதற்காகத் தமது உடம்பிலும், ஒன்பது வயது மகன்மீதும், கடற்கரைக் காவலர் ஒருவர்மீதும் அதைக் கொட்டவிட்டுப் பார்த்தார். மூவரும் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். மகனையுமா என்று நமக்குத் தோன்றுகிறது. அதே போன்ற உபாதைகள் நமது வட்டாரத்துக் கடல்களிலும் காணப்பட்டுள்ளன. ஆகையால் லேசாகக் கொட்டியது என்று விட்டுவிடாமல் ஒரு மணி நேரமாவது ஆளைக் கவனித்திருக்க வேண்டும்.

கிழக்குக் கரைக்குப் போகிறவர்கள் மழைக்காலத்தில் வேறொன்றைப் பார்ப்பார்கள். நீல நிறத்தில் ஊதிய பலூன்போல் மணலில் கிடக்கும். பிள்ளைகள் ஆசையாக எடுப்பார்கள். பம்பாய்க் கடற்கரைகளில் 2018 ஆகஸ்டில் சுமார் 150 பேரை இது கொட்டியதாகச் செய்தி வந்தது. உயிரிழப்பு அபூர்வம், வலி கடுமை. இதற்குச் சூக்கா ஊற்றலாமா என்பதில் டாக்டர்களிடையே ஒத்த கருத்து இல்லை. கடல் நீரால் நூலைக் கழுவி எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் இருபது நிமிஷம் வைத்திருந்தால் வலி குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறார்கள்.

இனி, கொட்டிவிட்டால் செய்ய வேண்டியது. முதலில் ஆளைக் கரைக்குக் கொண்டு வந்துவிட வேண்டும். தண்ணீருக்குள்ளேயே மயங்கி மூழ்கியவர்கள் உண்டு. ஒருவர் உடனே 999-க்குப் போன் செய்யட்டும். இன்னொருவர் கொட்டிய இடம் முழுவதும் நனையும்படி அரை நிமிஷமாவது சூக்காவை ஊற்ற வேண்டும். எந்த வகை கொட்டியது என்று தெரியாவிட்டால், நமது போன்ற வெப்பக் கடலில் சதுரச் சொறி என்றே எண்ணிச் சூக்கா ஊற்றுவதுதான் ஆஸ்திரேலிய முதலுதவி முறை. பிறகு நூலை இடுக்கியால் எடுக்கலாம். சூக்கா வலியைத் தீர்க்காது, ஏறிய விஷத்தை இறக்கவும் செய்யாது. மிஞ்சிய பைகளை அடக்குவதே அதன் வேலை. துணியால் இறுக்கிக் கட்டுவது முன்பு சொல்லப்பட்டது, இப்போது கூடாது என்கிறார்கள். ஆள் மூச்சின்றிக் கிடந்தால் சூக்காவைத் தேடிக்கொண்டு நிற்காமல் நெஞ்சை அழுத்தி இருதயத்தை ஓட வைக்க வேண்டும். கடற்கரையிலிருந்து மலாக்கா ஆஸ்பத்திரியோ மூவார் ஆஸ்பத்திரியோ ஐந்து நிமிஷத்தில் போய்ச் சேரும் தூரமன்று. இந்த நெஞ்சழுத்தும் முறையை நமது சங்கத்து இளைஞர்கள் கற்று வைத்திருந்தால் எவ்வளவோ உபகாரம்.

உடை விஷயத்தில் நமது பெண்களுக்குக் கவலை குறைவு. மெல்லிய துணியே இந்த முள்ளைத் தடுத்துவிடும். குவீன்ஸ்லாந்துக் கடற்கரைக் காவலர்கள் ஒரு காலத்தில் பெண்களின் காலுறையை இடுப்பு வரை மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினார்கள்! முழுக்க மூடிக் குளிக்கும் தாய்மார் தப்பித்துக்கொள்ள, அரைக்கால் சட்டையோடு இறங்கும் பிள்ளைகளே அகப்படுகிறார்கள். நீளக் கை, நீளக் கால் வைத்த நீச்சல் உடை அவர்களுக்கும் வாங்கித் தரலாம்.

தாய்லாந்துத் தீவுகளில் கடற்கரையோரம் கம்பம் நட்டு அதில் சூக்கா போத்தல் மாட்டி வைத்திருக்கிறார்கள். நமது கடற்கரைகளில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் கம்பம் நடக்கூட வேண்டியதில்லை. பச்சை மிளகாய் ஊறப்போடும் சூக்கா அவர்கள் அடுக்களையில் எப்போதும் உண்டு. திறக்காத ஒரு போத்தலைத் தனியே எடுத்து வைத்து, கடைப் பையன்களுக்கு விஷயத்தைச் சொல்லி வைத்தால் போதும். மிளகாய் ஊறிய தண்ணீரை மட்டும் யாரும் ஊற்றிவிட வேண்டாம்.

தோட்டப்புறத்தில் கடை வைத்திருப்போருக்குக் கடைசியாக ஒரு எச்சரிக்கை. மேலே கண்டவற்றை வாடிக்கைக்காரர்களிடம் நாம் சொல்லத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் தோட்டத்து அம்மா ஒருவர் வந்து, "காக்கா, நாளைக்குப் பிள்ளைகளோட கடலுக்குப் போறோம், அந்தச் சூக்கா ஒரு போத்தல் குடுங்க" என்றார். புதிதாக வந்திருந்த நமது கடைப் பையன் எடுத்து நீட்டியது ரப்பர்ப் பால் உறைய ஊற்றும் சூக்கா கெத்தா! இரண்டுக்கும் மலாயில் சூக்கா என்றே பெயர். ஒன்று சமையலுக்குரியது, நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே அமிலம் உள்ளது. மற்றது தோலைப் பொசுக்கிவிடும் திராவகம். நாம் அப்போது கல்லாவில் இருந்ததால் கண்டு வாங்கி வைத்தோம். அன்று மாலையே அந்தப் போத்தல்களைப் பின்கட்டில் ரப்பர்ச் சாமான்கள் இருக்கும் தட்டுக்கு மாற்றிவிட்டோம். சமையல் சூக்கா அரிசி மூட்டைக்கு மேலே, முன்வரிசையில் இருக்கிறது. சூக்கா கேட்டு வருபவரிடம் "எதற்கு?" என்று கேட்காமல் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று பையனுக்கும் சொல்லி வைத்திருக்கிறோம்.